ஒன்றாம் எண் சீட்டு

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கட்சி சார்பில்லாத ஒரு குடிமக்கள் குழு தொடங்கியிருக்கிறீர்கள் என்று உன் கடிதத்தில் படித்ததும் மனம் நிறைந்தது. கூடவே உன் வருத்தமும் தெரிந்தது. டீக்கடையில், "நீங்கல்லாம் யாரோட ஆளுங்க?" என்று கேட்டார்களாமே. 'எந்தக் கட்சியிலும் சேராமல் ஜனநாயகத்துக்கு என்னதான் செய்ய முடியும்?' என்று நீயும் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்த பதிலை ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

2019 மக்களவைத் தேர்தலில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். விடியற்காலையிலேயே முகவர்கள் முன்னிலையில் ஐம்பது மாதிரி வாக்குகள் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, இயந்திரத்துக்குச் சீல் வைத்துவிட்டுத்தான் ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிய வேண்டும். அப்போதும் வெளியே முப்பது பேர் வரை நின்றிருந்தார்கள். அந்த நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் என் கையெழுத்துப் போட்ட எண் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுக்க வேண்டியது வரிசையின் வாலிலிருந்து. ஒன்றாம் எண் சீட்டு கடைசி ஆளுக்கு. முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டு போனால், அதற்குள் பின்னால் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பார்கள். நேரத்துக்கு வந்தவர் யார், பிந்தி வந்தவர் யார் என்று பிரிக்க முடியாமல் போகும்.

அன்று கடைசியில் நின்றவர் செங்கல் சூளையில் வேலை முடித்து நேரே வந்த ஓர் அம்மா. கையில் செம்மண் காய்ந்திருந்தது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கா டீச்சர் ஒண்ணாம் நம்பரு?" என்றார். அவர் முறை வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வெவ்வேறு கட்சி முகவர்கள் உள்ளே இருந்தார்கள். அவர் எந்தச் சின்னத்துக்குப் போடுவார் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் மை வைத்து, பொத்தானை அழுத்தி வெளியே வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அதன் பிறகுதான் வாக்குப்பதிவை முடித்து, பதிவான மொத்த வாக்குகளைப் படிவம் 17சி-யில் எழுதி, முகவர்களுக்கு நகல் கொடுத்தேன்.

கயல், யார் ஜெயிக்க வேண்டும் என்பது கட்சிகளின் கவலை. அதில் தப்பே இல்லை. கட்சிகள் இல்லாமல் தேர்தல் ஏது? அந்தக் கடைசி ஆளுக்குச் சீட்டு கிடைத்ததா என்று பார்க்கவும் ஊரில் நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேராக நீங்கள் இருங்கள்.

முதல் வேலை வாக்காளர் பட்டியல். வரைவுப் பட்டியல் வந்ததும் உங்கள் பாகத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சத்தமாக வாசியுங்கள். உயிரோடிருக்கும் பாட்டியின் பெயர் விட்டுப்போயிருக்கும். கட்டிக்கொண்டு வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த ஊரிலேயே இருக்கும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. பதினேழு வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நேரம் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கவே முடியாது. அதனால் தேர்தல் இல்லாத காலத்தில் செய்ய வேண்டிய வேலை இது. பெயரை நீக்கக் கோரும் படிவம் 7-ல் மட்டும் ரொம்பக் கவனமாக இரு. யாரோ சொன்னார்கள் என்று கையெழுத்துப் போடாதே. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அதைவிட, ஒருவரின் வாக்கை அவருக்கே தெரியாமல் பறித்த பாவம் பெரியது.

அடுத்தது வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம். இன்று ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் படிவம் 26-ல் எழுதித் தருகிறார்கள் என்றால், அது தானாக வந்ததில்லை. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-ல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி வழக்குப் போட்டார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதை நீர்த்துப்போகச் செய்ய நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. அந்தத் திருத்தத்தையும் 2003-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படிக் கிடைத்த தகவல் இணையத்தில் கிடந்து என்ன பயன்? உங்கள் தொகுதி வேட்பாளர்கள் எல்லோரையும், ஒருவர் விடாமல், வாக்குச்சீட்டில் வரும் அதே வரிசையில், ஒரே எழுத்து அளவில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். பாராட்டோ பழியோ ஒரு வரிகூட வேண்டாம். அந்தத் தாளில் ஒருவருக்கு மட்டும் எழுத்து பெரிதாக இருந்தால் போதும், பத்து வருட உழைப்பு பாழ்.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவில் கிராம சபை இருக்கிறது. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் தீர்மான நோட்டின் வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பையன் எழுந்து, "எழுதி வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறோம்" என்றான். சத்தம் போடவில்லை, அந்த ஒரு வாக்கியத்தோடு உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. தீர்மானம் எழுதப்பட்டது.

வாசித்துக் காட்டுவதன் வலிமையை ராஜஸ்தானில் பார்த்தோம். 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு தன் முதல் பொது விசாரணையை நடத்தியது. கூலிப் பதிவேட்டில் இருந்த பெயர்களை அந்தப் பெயர்க்காரர்கள் முன்னாலேயே வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி போயிருந்தது. அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005-ல் தகவல் பெறும் உரிமைச் சட்டமாக நம் கைக்கு வந்திருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு தாள், முப்பது நாளில் பதில். வராவிட்டால் மேல்முறையீடு. கேட்பதைக் குறிப்பாகக் கேள்: எந்தத் தெரு, எந்த வேலை, எந்த ஆண்டு.

டீக்கடைக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு வாயால் பதில் சொல்லாதே. ஆளும் கட்சிக்காரர் செய்த தவறை எப்படி எழுதினாயோ, அதே சொற்களில் எதிர்க்கட்சிக்காரர் செய்ததையும் எழுது. குழுவில் ஒருவர் கட்சிப் பொறுப்புக்குப் போனால் வாழ்த்தி அனுப்புங்கள். ஆனால் அன்றே குழுவிலிருந்து விலகச் சொல்லுங்கள். யாரிடமும் பெரிய தொகை வாங்காதீர்கள். வரவு செலவை ஊர் பார்க்க எழுதி ஒட்டுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதே. கட்சி சார்பின்மை என்றால் எல்லாவற்றிலும் நடுவில் நிற்பது என்று அர்த்தமில்லை. நம் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே ஒரு தலைவர் நிலைக்க முடியவில்லை. மனுப் போட விடாமல் தடுத்தார்கள், ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-ல்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் 'ஊர்ப் பிரச்சினை, நமக்கெதற்கு' என்று ஒதுங்கிய நல்லவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஒதுங்கியது தடுத்தவர்களுக்குத்தான் உதவியது. வரிசையிலிருந்து ஒருவரைத் தள்ளிவிடுகிறவர்களுக்கும் தள்ளப்படுகிறவருக்கும் நடுவில் நின்றுகொள்ள இடமே கிடையாது.

அடுத்த கிராம சபைக்கு ஆள் கூப்பிடப் போவாய் அல்லவா? மெயின் ரோட்டிலிருந்து ஆரம்பிக்காதே. காலனியின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா