விடாது துரத்தும் எண்ணங்கள்

மேசையைச் சுத்தமாக வைத்திருக்கும் நண்பரைப் பார்த்து, "உனக்கு ஓசிடியா?" என்று கேலி செய்வோர் உண்டு. சுத்தத்தை விரும்புவது நோயன்று. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயை இயக்குவது விருப்பமன்று, அச்சம்.

வீட்டைப் பூட்டிவிட்டு மின்தூக்கிக்கு வரும் ஒருவருக்கு, 'சரியாகப் பூட்டினோமா?' என்ற ஐயம் எழுகிறது. திரும்பிச் சென்று பூட்டை இழுத்துப் பார்க்கிறார். மனம் அமைதியடைகிறது. மின்தூக்கி வருவதற்குள் அதே ஐயம் மீண்டும் தலைதூக்குகிறது. சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் பதற்றம் தணிவதால், சரிபார்த்தால்தான் நிம்மதி என்று மனம் பழகிவிடுகிறது.

இதைவிட வேதனை தருபவை வெளியே சொல்ல முடியாத எண்ணங்கள். கைக்குழந்தையான தம்பியைத் தூக்கி வைத்திருக்கும் அக்காளுக்கு, 'வேண்டுமென்றே கீழே போட்டுவிடுவேனோ?' என்று தோன்றுகிறது. தம்பிமீது உயிரையே வைத்திருப்பவர் அவர். 'இப்படி நினைக்கும் நான் எவ்வளவு கெட்டவள்!' என்று தம்மையே வெறுக்கிறார். தன்மதிப்பு குறையக் குறைய அச்சம் கூடுகிறது. தம்பியைத் தூக்குவதையே நிறுத்திவிடுகிறார்.

லண்டனில் பணியாற்றிய ஸ்டான்லி ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா ஆகிய உளவியலாளர்கள் 1978ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயில்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இத்தகைய எண்ணங்கள் வருவதை அது காட்டியது. அவர்கள் அவற்றை அசட்டு எண்ணம் என்று தள்ளிவிடுகிறார்கள். நோயுற்றவரோ அவற்றைத் தம் குணத்துக்குச் சான்றாகக் கொள்கிறார். உண்மையில், அவர் எதை மிகவும் மதிக்கிறாரோ அதைச் சுற்றியே அந்த எண்ணங்கள் வட்டமிடுகின்றன.

வெட்கம் வாயைக் கட்டிவிடுகிறது. மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 28 பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகிறார். உதவி நாடியோரில் பாதிப்பேர், நோய் தொடங்கி 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்தே நாடியுள்ளனர். 15 வயதில் தொடங்கினால் 26 வயதுவரை மௌனம்!

சிகிச்சையில், ஐயம் எழுந்தாலும் சரிபார்க்காமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். பதற்றம் உயர்ந்து, பிறகு தானாகவே தணிவதை நோயுற்றவர் நேரில் உணர்கிறார். சிலருக்கு மருந்தும் தேவைப்படும்.

குடும்பத்தாரின் பங்கு எளிதன்று. "பூட்டிவிட்டாய், கவலைப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அன்பினால்தான். ஆனால், அதுவும் இன்னொரு சரிபார்ப்பாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, "பயமாக இருக்கிறதா? நான் உன்னோடு சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லப் பெற்றோரும் பழக வேண்டியிருக்கிறது.