நடந்த நடை வடைக்குச் சரியாப் போச்சு!

"டாக்டர், மூணு மாசமா தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. வெயிட் மட்டும் அப்படியே நிக்குது. தைராய்டா இருக்குமோ?"

விருதுநகர், சிவகாசி பக்கம் இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. ஆசிரியைகள், அச்சக ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்கள், பலசரக்குக் கடை அண்ணாச்சிகள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தைராய்டு பரிசோதனை தாராளமாகச் செய்து கொள்ளலாம். அதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்.

"நடந்து முடிச்சதும் என்ன சாப்பிடுறீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்லையே. ஒரு டீ, ஒரு வடை. அவ்வளவு தூரம் நடந்திருக்கோம்ல?"

அங்கேதான் சிக்கல். செல்போனும் கைக்கடிகாரமும் 'இன்று நீங்கள் 250 கலோரி எரித்தீர்கள்' என்று காட்ட ஆரம்பித்த பிறகு, அந்த 250 ஏதோ நம் கணக்கில் வரவு வைத்த பணம் போலவும், அதை எடுத்துச் செலவழிக்க நமக்கு உரிமை உண்டு என்பது போலவும் ஓர் எண்ணம் வந்துவிட்டது. எடை குறைக்க நினைக்கிறவர்கள் உடற்பயிற்சியில் எரித்ததைத் திரும்பச் சாப்பிடலாமா? பலருக்குக் கூடாது. ஆனால், சாப்பிட்டே ஆக வேண்டிய சிலரும் இருக்கிறார்கள். அவர்களும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பட்டினி கிடந்தால் ஆபத்து.

250 பாதியாகும் கதை

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 70 கிலோ எடையுள்ள ஒரு பெண், ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடக்கிறார். கருவி சுமார் 250 கலோரி என்று காட்டும். அவர் நடக்கவே போகாமல் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் அந்த ஒரு மணி நேரத்தில் சுமார் 70 கலோரி செலவாகியே இருக்கும். பல கருவிகள் அதையும் சேர்த்துத்தான் காட்டுகின்றன. ஆக, நடந்ததால் கூடுதலாகச் செலவானது சுமார் 180.

இதிலும் ஒரு பகுதியை உடம்பு வேறு வழியில் மிச்சம் பிடித்துவிடுகிறது. 1,754 பேரின் சக்திச் செலவை அளந்து 2021-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உழைப்பால் கூடும் செலவில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் மற்ற செலவுகளைக் குறைத்து ஈடுகட்டி விடுகிறது என்று கண்டார்கள். நம் வீட்டு அம்மாக்கள் மாதிரிதான். ஒரு பக்கம் செலவு கூடினால் இன்னொரு பக்கம் கையை இறுக்கி விடுவார்கள். உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்தச் சிக்கனம் இன்னும் அதிகம் என்பதுதான் வேதனை.

180-ல் 28 சதவீதம் போனால் மிச்சம் 130. காட்டியது 250, கையில் நின்றது 130! கருவி சரியாகவே காட்டியது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு வகைக் கருவிகளைச் சோதித்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரி விஷயத்தில் மட்டும், இருந்ததிலேயே நல்ல கருவிக்கும் சராசரியாக 27 சதவீதம் தப்பு. மோசமானதற்கு 93 சதவீதம்.

இப்போது வடைக்கு வருவோம். ஓர் உளுந்த வடை, அளவையும் குடித்த எண்ணெயையும் பொறுத்து 100 முதல் 150 கலோரி. இரண்டு கரண்டி சீனி போட்ட டீ இன்னொரு 70, 80. நடந்த நடை வடைக்கே சரியாகப் போனது. டீ, கடன்!

எண்ணெய்தான் இதில் பெரிய ஆள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. ஒரு மணி நேர நடையின் நிகர லாபம் ஏறக்குறைய அவ்வளவுதான். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவையோ சாத்தூர் சேவையோ நான் திட்டப் போவதில்லை. ஆசைக்கு மாதத்தில் ஒரு நாள் சாப்பிடுங்கள், ருசித்துச் சாப்பிடுங்கள். 'இன்னைக்கு நல்லா நடந்தாச்சு' என்பதற்காக மட்டும் சாப்பிடாதீர்கள். 100 கிராம் சேவு சுமார் 500 கலோரி. அதை ஈடுகட்ட மேலே சொன்ன பெண்மணி கிட்டத்தட்ட நான்கு நாள் நடக்க வேண்டும்.

"அப்ப நடக்கிறதே வேஸ்ட்டா?" என்று கேட்காதீர்கள். தினம் 130 கலோரி என்றால் மாதத்துக்குச் சுமார் 4,000. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆக, நடையால் மட்டுமே மாதம் அரைக் கிலோ. சாப்பாட்டில் தினம் 300 கலோரி குறைத்தால் இன்னும் ஒரு கிலோவுக்கு மேல். இந்த வேகம் போதும். நடையின் மற்ற லாபங்களான ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மூட்டு எல்லாம் எடை இறங்காவிட்டாலும் கிடைக்கும். அதை வடை தின்றுவிட முடியாது.

வியர்வையும் அலுப்பும்

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிடும். நடந்து வந்து எடை பார்த்தால் முக்கால் கிலோ குறைந்திருக்கும். உடனே சந்தோஷம்! அது தண்ணீர். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும். அதிகம் வியர்த்தால் அதிகம் எரிந்தது என்று பொருள் இல்லை.

அலுப்பும் அப்படித்தான். தீப்பெட்டி ஆபீசிலும் பயர் ஆபீசிலும் சரவெடி பின்னுகிறவர்கள், குழாய் உருட்டுகிறவர்கள் சாயங்காலம் இடுப்பு ஒடிந்து போய் வீடு திரும்புகிறார்கள். கழுத்து, தோள், முதுகு எல்லாம் வலி. ஆனால் தரையில் உட்கார்ந்து கையால் செய்யும் வேலைக்கு, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஒன்றரை மடங்குதான் சக்தி செலவாகும். 'காலையில இருந்து உழைச்சிருக்கோம்' என்று இரவில் கூடுதலாக ஒரு தட்டுச் சாப்பிட்டால், அந்தக் கூடுதல் வயிற்றைச் சுற்றித்தான் சேரும். அச்சக ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேரம் இருக்கிறவருக்கும் இதே கதைதான். அலுப்பு என்பது உடம்பு கேட்கும் ஓய்வு. அதைப் பசி என்று தப்பாகப் புரிந்து கொள்கிறோம்.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மேற்கு வங்காளத்தில் செங்கைல் என்ற ஊரில் ஒரு சணல் ஆலை. ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து அங்கே 213 ஆண்களின் வேலை, உணவு, எடை மூன்றையும் ஒப்பிட்டு 1956-ல் வெளியிட்டார்கள். மூட்டை சுமக்கிறவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், ஆனால் ஒல்லியாகவே இருந்தார்கள். லேசான வேலை செய்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அவர்களும் ஒல்லி. இதில் ஆச்சரியம் இல்லை. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் மேற்பார்வையாளர்களும்தான் வேடிக்கை. லேசான வேலைக்காரர்களைவிடக் குறைவாக அசைந்தவர்கள், அவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம்!

அதாவது, உடம்பு ஓரளவாவது அசைந்தால்தான் பசி தன் அளவை அறிகிறது. அசையவே இல்லை என்றால் பசிக்கு அளவு தெரிவதில்லை. திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு மூலிகையின் பெயரும் அதில் கிடையாது. முன்பு உண்டது செரித்ததா, பசித்ததா, அளவு என்ன என்பதுதான் பெரும்பகுதி. சித்த மருத்துவத்தில் நாங்கள் சொல்லும் ஏழு உடல் தாதுக்களில் கொழுப்பு நான்காவது. அதுவும் உடம்புக்கு வேண்டியதுதான். உண்டதும் உழைத்ததும் பொருந்தாதபோதுதான் அது மிஞ்சுகிறது.

ஆகவே, விருதுநகர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் லோடுமேன் எரித்ததைச் சாப்பிடத்தான் வேண்டும். அவர் இரண்டு தட்டுச் சாப்பிடுவதைப் பார்த்து, கல்லாவில் இருக்கும் முதலாளி 'நானும் காலையில ஒரு மணி நேரம் நடந்தேனே' என்று சாப்பிடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 2,110 கலோரி. கடும் உழைப்பாளிக்கு 3,470. பெண்களுக்கு, 55 கிலோ எடைக்கு, இதுவே 1,660-ம் 2,720-ம். இந்த இடைவெளி நாள் முழுக்க உழைக்கிறவருக்கு. ஒரு மணி நேரம் நடந்து, மீதி நேரம் உட்கார்ந்திருக்கிறவருக்கு அல்ல.

இன்னொன்று. உங்களுக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர், நீங்கள் நடக்கிறீர்கள் என்று தெரிந்து அதையும் சேர்த்தே எழுதியிருந்தால், நடைக்கான சாப்பாடு அதிலேயே இருக்கிறது. சம்பளத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பஞ்சப்படியைத் தனியாக மறுபடி கேட்க முடியுமா?

பசித்தால் என்ன செய்வது?

நிஜமாகவே பசிக்கும் சிலருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. புதிதாக ஒரு சாப்பாட்டைச் சேர்க்காமல், இருக்கும் சாப்பாட்டை முன்னால் இழுங்கள். எட்டரைக்குச் சாப்பிடும் இட்லியை, நடந்து வந்து குளித்ததும் ஏழு மணிக்கே சாப்பிட்டு விடுங்கள். பத்தரை மணிக்குப் பசித்தால் சாத்தூர் வெள்ளரிக்காய் இருக்கிறது, நீர்மோர் இருக்கிறது, ஒரு கைப்பிடி சுண்டலோ அவித்த முட்டையோ இருக்கிறது. பழக்கடை ஜூஸ் வேண்டாம். அது சீனித் தண்ணீர்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்வாங்களே, கொள்ளு ரசம் குடிச்சா கரைஞ்சிடுமா?" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. சித்த மருத்துவன் ஆயிற்றே! கொள்ளு நல்ல பயறு. புரதமும் நார்ச்சத்தும் உண்டு, வயிறு நிறையும். ஆனால் 100 கிராம் கொள்ளிலும் 300 கலோரிக்கு மேல் இருக்கிறது. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் கொள்ளைச் சேர்த்தால் பலன் உண்டு. மூன்று வேளையும் வழக்கம் போலச் சாப்பிட்டு அதற்கு மேல் ஒரு டம்ளர் ரசம் குடித்தால் எதுவும் கரையாது.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலை வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் பாருங்கள். இடுப்பைத் தையல் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-க்கு மேல் போகக் கூடாது. நான்கு வாரம் பார்த்தும் அசையவில்லை என்றால் கணக்கில் எங்கோ வடை ஒளிந்திருக்கிறது. மாறாக, வாரம் ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினாலோ, முடி கொட்டி, மாதவிலக்கு தள்ளிப்போய், எந்நேரமும் அசதியாக இருந்தாலோ நீங்கள் போதுமான அளவு சாப்பிடவில்லை. அப்போது எரித்ததில் பாதியையாவது திரும்பச் சாப்பிட வேண்டும். அப்படியும் மாறவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை தேவை.

கட்டாயம் சாப்பிட வேண்டியவர்கள்

பால் கொடுக்கும் தாய்மார்கள், கர்ப்பிணிகள், காலையும் மாலையும் கபடி, தடகளம் என்று பயிற்சி செய்யும் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தக் கட்டுரையின் முன்பாதி பொருந்தாது. வளரும் பிள்ளையிடம் 'எரிச்சதைச் சாப்பிடாதே' என்று சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை சர்க்கரை நோயாளிகளைப் பற்றித்தான். சிவகாசி பக்கம் பயர் ஆபீசில் போர்மேனாக இருப்பவர் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். எடை குறைய வேண்டும் என்று காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் நடை. வந்ததும் மாத்திரை. 'எரிச்சதைத் திரும்பச் சாப்பிடக் கூடாது' என்று யாரோ சொன்னதால் அரை இட்லியோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பத்து மணி வாக்கில் கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். வெயில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது சர்க்கரைத் தாழ்வு. மருந்து செலுத்தும் அறைகளை மேற்பார்க்கிறவர் அங்கே மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நடப்பதற்கு முன் கொஞ்சமாவது சாப்பிட வேண்டுமா என்பதை மருந்து எழுதிய டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை வந்தால் கலோரிக் கணக்கெல்லாம் அப்புறம். மூன்று சிறுகரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. பிறகு டிபன் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

இப்படி அடிக்கடி வந்தால், ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுச் சமாளிப்பது வழியல்ல. மாத்திரைக்குப் பயந்து சாப்பிட்டு, சாப்பிட்டதால் எடை ஏறி, எடை ஏறியதால் மாத்திரையும் ஏறும். நீங்கள் நடக்க ஆரம்பித்ததையும், உணவைக் குறைத்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று அவர் பார்ப்பார். சித்த மருந்து ஆரம்பித்துவிட்டேன் என்று இன்சுலினையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்தி விடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். மேலே சொன்ன போர்மேனுக்கு, அவருடைய டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். இப்போது அவர் நடந்து வந்ததும் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீனிப் பொட்டலம்.