கொறங்காட்டிற்கு ஏற்ற பயறுவகைத் தீவனம்

காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்களை இடையிடையே நிறுத்தி, கொழுக்கட்டைப்புல் வளர்த்துக் கால்நடைகளை மேயவிடும் மானாவாரி நிலத்தைக் கொறங்காடு என்பர். கொழுக்கட்டைப்புல் வறட்சியைத் தாங்க வல்லது. எனினும் அது முற்றிக் காய்ந்தபின் அதிலுள்ள புரதம் மிகவும் குறைந்துவிடுகிறது. அக்குறையை நீக்கப் பயறுவகைத் தீவனத்தைப் புல்லுடன் சேர்த்து விதைத்தல் வேண்டும். இதனால் நிலத்திற்குத் தழைச்சத்தும் சேரும்.

எந்த விதையை வாங்குவது? ‘வறட்சி தாங்கும்’ என்று கேட்டவுடன் வாங்கிவிடலாகாது. செடிகள் வறட்சியை இரு வழிகளில் வெல்கின்றன. வேலிமசாலும், முயல் மசாலில் ஸ்காப்ரா என்னும் புதர் வகையும் ஆழமாக வேரூன்றிக் கோடையிலும் உயிர் தரித்து நிற்கும். முயல் மசாலில் ஹமாட்டா வகையும் நரிப்பயறும் கோடையில் மடிய நேரினும், முன்னரே உதிர்த்த விதைகளிலிருந்து அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். குதிரை மசால் சிறந்த தீவனமேயாயினும் பாசன வசதியுள்ள நிலத்திற்கே உரியது.

ஆகவே ஒவ்வொரு வழிக்கும் ஒன்றாக, இரு வகைகளையேனும் கலந்து விதைப்பதே அறிவுடைமை. வட ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்னும் ஒரே வகையைப் பரந்த மேய்ச்சல் நிலங்களில் நம்பியிருந்தனர். 1970-களில் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூசண நோய் தாக்கி, அது பெரிதும் அழிந்தது. ஒன்றையே நம்புவதன் கேட்டிற்கு இது தக்க சான்று.

முயல் மசால், வேலிமசால் விதைகளின் தோல் கடினமானது. 80 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 4 நிமிடம் வைத்தெடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் நன்கு முளைக்கும். ஆயினும் எல்லா விதையையும் இவ்வாறு செய்தல் வேண்டா. முதல் மழைக்கு முளைத்த நாற்றுகள், அடுத்த மழை பொய்த்தால் கருகிவிடும். மூன்றில் ஒரு பங்கை ஊறவைக்காமல் கலந்தால், அது மண்ணிலே காத்திருந்து பின்மழைக்கு உதவும்.

மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை பயறு என விதைக்கலாம். முயல் மசாலைத் தனியாக வரிசையில் விதைக்க ஏக்கருக்குச் சுமார் 2½ கிலோ விதை தேவை. இக்கலப்பில் அப்பயறு வரிசைகளுக்கு அதில் கால் பங்கே போதும். விதை சிறிதாதலால் ஆழமாகப் புதைத்தலாகாது.

முதலாண்டில் செடிகள் பூத்து விதை உதிரும்வரை கால்நடைகளை உள்ளே விடலாகாது. தீவனமின்றித் தவிக்கும் காலத்தில் படலைத் திறந்துவிட மனம் தூண்டும். அன்று பொறுத்தவருக்கே வரும் ஆண்டுகளில் பயறு நிலைக்கும். பொறாதவர் மறுபடியும் விதை வாங்க நேரிடும்.

அங்கத்தினர்கள் தனித்தனியே வாங்காமல், தேவையைத் திரட்டிச் சங்கத்தின் வாயிலாக விதை பெறுதல் நன்று. வந்த விதையில் 100 எண்ணி, மேற்கூறியவாறு நேர்த்தி செய்து, ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பார்த்தபின் பங்கிட்டால், தரமற்ற விதையால் ஒரு பருவத்தை இழக்கும் துன்பம் எவருக்கும் நேராது.