உங்கள் தமிழாசிரியருக்கு ஒரு பக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதமும் அதோடு அனுப்பிய காகிதக் கத்தையும் கிடைத்தன. பள்ளியில் உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயாவைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதினீர்கள். இரண்டு நாளில் அதன் தலையில், கட்டுரையை நீக்கலாம் என்று அறிவிக்கும் நீக்கல் வார்ப்புரு வந்து உட்கார்ந்துவிட்டது. குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். பதினான்கு புத்தகம் எழுதியவரை, கூப்பிட்ட மேடைக்கெல்லாம் போய்ப் பேசியவரை, முகம் தெரியாத ஒருவர் எப்படித் தகுதியில்லாதவர் என்று சொல்லலாம் என்று கேட்கிறீர்கள்.

கோபம் புரிகிறது. ஆனால் அந்த வார்ப்புருவைப் போட்டவர் ஐயாவின் எழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐயா எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்திருக்க மாட்டார், படித்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் தேடியது வேறு. ஐயாவோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத யாராவது, நம்பத்தக்க ஓர் இடத்தில், நாலு பத்தியாவது அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று பார்த்திருக்கிறார். உங்கள் கட்டுரையின் அடியில் அப்படி ஒன்றும் இல்லை. எழுத்தாளருக்கு ஆங்கில விக்கிப்பீடியா வேறு சில வழிகளும் வைத்திருக்கிறது. சக எழுத்தாளர்கள் அவரை முக்கியமானவராக எடுத்துப் பேசியிருக்கலாம், புதிதாக ஒரு கருத்தையோ உத்தியையோ அவர் கொண்டுவந்திருக்கலாம், ஒரு படைப்புக்குப் பல இடங்களில் மதிப்புரை வந்திருக்கலாம். சுற்றி வளைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: அடுத்தவர் எழுதியிருக்க வேண்டும்.

கத்தையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலே இருந்தவை கேடயங்களின் புகைப்படங்கள், பட்டயங்களின் நகல்கள். இதில் இரண்டு, கட்டணம் கட்டுகிற எவருக்கும் பட்டம் அனுப்பிவைக்கும் அமைப்புகள் கொடுத்தவை. ஐயா அது தெரியாமல் வாங்கியிருக்கலாம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சான்றாகாது. அடுத்தது அணிந்துரைகள். பெரிய பெயர்கள்தான். நூலாசிரியர் கேட்டு எழுதுவது அணிந்துரை, கேட்காமல் எழுதுவது மதிப்புரை. கலைக்களஞ்சியத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். பிறகு நூல் வெளியீட்டு விழாச் செய்தி நறுக்குகள். ஒன்றை அளந்தே பார்த்தேன்: தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், முதல் பிரதி பெற்றவர், நன்றி நவின்றவர் என்று செய்தி முழுக்கப் பெயர்கள். நூலைப் பற்றி அதன் தலைப்பு மட்டும். ஐயாவின் பேட்டி ஒன்றும் இருந்தது, நன்றாகவே பேசியிருக்கிறார். ஆனால் பேட்டியில் பேசுவது அவரேதான். நூலக ஆணை கிடைத்த மூன்று புத்தகங்களின் பட்டியலையும் வைத்திருக்கிறீர்கள். நூலகம் வாங்கியது என்பதற்கு அது சாட்சி. யாராவது எடுத்துப் படித்துக் கருத்துச் சொன்னார்களா என்று அதில் தெரியாது.

பதினான்கு என்ற எண்ணை உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் சொல்கிறீர்கள். அந்த எண்ணை விட்டுவிடுங்கள். எஸ். சம்பத் என்றால் 1984இல் வந்த 'இடைவெளி' என்ற ஒரு சிறிய நாவல்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அதை வைத்தே அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மறுபக்கம் வை. மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல் எழுதினார், 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவர் காலத்து இலக்கிய விமர்சகர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அந்த 115 அவரைக் காப்பாற்றவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள், குறிப்பாகப் பெண் எழுத்தின் வரலாற்றைத் தேடிப் போனவர்கள் எழுதியதால்தான் இன்று ஒருவர் சான்றோடு அவரைப் பற்றிக் கட்டுரை எழுத முடிகிறது. மாத நாவல் எழுத்தாளர்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ரமணிசந்திரனையும் ராஜேஷ்குமாரையும் லட்சக்கணக்கில் படித்தார்கள், ஆனால் இலக்கியப் பத்திரிகைகளில் பேச்சில்லை. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இவர்களின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது ஆங்கில நாளிதழ்கள் பேசின. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பிறகு நம் வீட்டு மாமரம் காய்த்திருப்பதைப் பார்க்கிற புத்தி நமக்கு.

இந்த விதி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ப. சிங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்துவிட்டு, போருக்குப் பிறகு ஊர் திரும்பியவர். மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக வாசம். எழுதியது இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு வாங்கி 1959இல் நூலாயிற்று. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. மேடைக்கும் கூட்டத்துக்கும் போகாத மனிதர். 1973இல் ஓர் இணையக் கலைக்களஞ்சியம் இருந்து, யாராவது சிங்காரத்துக்குப் பக்கம் திறந்திருந்தால், இதே வார்ப்புருதான் விழுந்திருக்கும். போட்டவர் மேல் தப்பும் சொல்லியிருக்க முடியாது. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்றை எழுதியவர் அவர் என்பது அன்று யாரும் எழுதி வைக்காத உண்மை. விமர்சகர் சி. மோகன் போன்றவர்கள் விடாமல் எழுதிய பிறகுதான் அது மேற்கோள் காட்டக்கூடிய உண்மையாயிற்று. விக்கிப்பீடியா வேண்டுமென்றே பிந்தி வருகிற ஒன்று. கண்டுபிடிப்பது விமர்சகன் வேலை. அவன் செய்யாத வேலையைக் கலைக்களஞ்சியத்தின் தலையில் கட்டினால் அது உடைந்துபோகும்.

முன்பு கலைக்களஞ்சியங்கள் இப்படி அடுத்தவர் எழுதுவதற்காகக் காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டபோதும், சிங்காரவேலு முதலியார் பல ஆண்டு உழைத்து 1910இல் 'அபிதான சிந்தாமணி'யைக் கொண்டுவந்தபோதும், யாரைச் சேர்ப்பது என்பது அந்தத் தனி மனிதரின் அறிவுக்கும் மனச்சாட்சிக்கும் விட்டது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ்வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சிய'த்தில் அறிஞர் குழு முடிவு செய்தது. 2022இல் எழுத்தாளர் ஜெயமோகன் முன்கை எடுத்துத் தொடங்கிய 'தமிழ் விக்கி'யும் ஆசிரியர் குழு வைத்து நடப்பதுதான். அங்கே ஒருவர் பொறுப்பேற்று, இவர் முக்கியமானவர் என்று சொல்ல முடியும். விக்கிப்பீடியாவில் யாருக்கும் அந்த நாற்காலி கிடையாது. நிர்வாகிக்கு நீக்குகிற பொத்தான் உண்டு, தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் இல்லை. பத்தாவது படிக்கிற பையனும் ஓய்வுபெற்ற பேராசிரியரும் ஒரே வரிசையில் நின்று தொகுக்கிற இடத்தில், என் கருத்து உன் கருத்து என்று அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது. அந்த அளவுகோல் சில சமயம் வெட்கப்படும்படி தவறும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றிய வரைவை 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் சான்று போதாது என்று தள்ளினார்கள். அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் வந்தது. உலகம் சிரித்தது. தள்ளியவர் அந்த வரைவில் இருந்த சான்றுகளை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தார். வெளியே போய்த் தேடவில்லை. நம்மவர்களும் அதிகம் தேடுவதில்லை, இதை நான் மறைக்கப்போவதில்லை.

காகிதமா செலவாகிறது, ஒரு பக்கம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டீர்கள். பக்கம் திறப்பது எளிது, காவல் இருப்பதுதான் சிரமம். சான்றில்லாத பக்கத்தில் ஐயா பிறந்த தேதி நீங்கள் சொன்னது. நாளை அவர் உறவினர் ஒருவர் வந்து வேறு தேதி போட்டால் எதை வைத்து எது சரி என்பது? அவருடைய நாவல் இன்னொருவரைப் பார்த்து எழுதியது என்று வேண்டாதவர் ஒரு வரி சேர்த்தால்? அங்கே எழுதியது தேடுபொறியின் ஓரப் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து போட்டித் தேர்வு வினா வங்கிக்குப் போகும், திரும்ப எடுக்க முடியாது. சான்று கேட்கும் விதி ஐயாவுக்கும் பாதுகாப்பு.

அந்தப் பக்கம் அவருடையதும் அல்ல. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தன் 'தி ஹ்யூமன் ஸ்டெயின்' நாவலுக்குத் தூண்டுதலாக இருந்தவர் பற்றி விக்கிப்பீடியாவில் தவறாக இருக்கிறது என்று திருத்தச் சொன்னார். எழுதியவர் சொன்னாலும் போதாது, வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012இல் 'நியூ யார்க்கர்' இதழின் தளத்தில் விக்கிப்பீடியாவுக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் மேற்கோள் ஆயிற்று! ராத்துக்கே இந்த நிலை. ஐயாவுக்கு இதைச் சொல்லிவிட்டு, பக்கம் வேண்டுமா என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி கத்தையின் அடியில் கிடந்தது. 1980களில் ஐயா சொந்தக் காசில் அச்சிட்ட மெல்லிய புத்தகம், ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர் கேட்டு எழுதிய ஒப்பாரிப் பாடல்கள். முதல் பக்கத்தில் நீங்கள் பென்சிலால் 'இது வெறும் தொகுப்பு' என்று குறித்திருக்கிறீர்கள். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பாடிய அம்மாவின் பெயர், ஊர், எந்த உறவுக்காகப் பாடியது என்று போட்டிருக்கிறார். சில சொற்களுக்கு வட்டாரப் பொருளும் உண்டு. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுத்தபோது பாட்டின் கீழே சேகரித்தவர், உதவியவர், இடம் என்று போட்ட பழக்கத்தை ஐயா எங்கோ பார்த்துப் பிடித்திருக்கிறார். அதோடு ஊக்கு குத்தி வைத்திருந்த இரண்டு தாள்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்று முனைவர் பட்ட ஆய்வேட்டின் பக்கம். ஐயா பாட்டைப் பதிந்த முறையைப் பற்றிப் பேசுகிறது, அடுத்த பக்கத்திலும் பேச்சு தொடர்கிறது, நகல் அங்கே அறுந்துவிட்டது. இன்னொன்று நாட்டார் வழக்காற்றியல் கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பு. இந்த இரண்டு பேரும் ஐயாவிடம் படித்தவர்களும் அல்லர், விழாவில் பொன்னாடை போர்த்தியவர்களும் அல்லர்.

பதினான்கு நூலில் பதின்மூன்றுக்குக் கிடைக்காதது இந்த ஒன்றுக்குக் கிடைத்திருக்கிறது. நாவலாசிரியர், கவிஞர், சொற்பொழிவாளர் என்று நீங்கள் வரிசையாக அடுக்கிய கட்டுரை நிற்காது. நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் என்று தொடங்கும் ஒரு குறுங்கட்டுரை நிற்கலாம். நிற்கும் என்று உறுதி தர மாட்டேன். அடிக்குறிப்பு மட்டும் என்றால் போதாது. ஆய்வேட்டில் உள்ளது உண்மையிலேயே விரிவான பேச்சு என்றால், இன்னும் ஒரு சான்று கிடைத்தால், நானே நீக்கலுக்கு எதிராக எழுதுவேன்.

கிடைக்காவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஊர்ப் பக்கத்தில் சான்றோடு இரண்டு வரி சேர்க்கலாம், அவர் பெயரைத் தேடுபவர் அங்கே வரும்படி வழிமாற்றும் போடலாம். அதைவிட உருப்படியான வேலை அந்த ஒப்பாரிப் புத்தகத்தைக் காப்பாற்றுவது. ஐயா சம்மதித்தால் யாரும் பயன்படுத்த இடம்தரும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் கொடுத்து, விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஏற்றுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். நாளைக்கு ஒருவர் ஐயாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவர் கையில் புத்தகம் வேண்டும். சிற்றிதழ் ஆசிரியர் யாரோடாவது பழக்கமிருந்தால் புத்தகத்தை மட்டும் அனுப்புங்கள், மதிப்புரை கேட்டு நச்சரிக்க வேண்டாம். நீங்களே புனைபெயரில் மதிப்புரை எழுதலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்களே, அதைப் படிக்காததாக வைத்துக்கொள்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது இரண்டு. ஆய்வேட்டின் அந்தப் பகுதி முழுவதற்கும் நகல் எடுங்கள், தலைப்பு, ஆண்டு, பல்கலைக்கழகம், பக்க எண் தெரியும்படி. பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டால் பார்க்கவாவது விடுவார்கள். அடுத்து, ஐயாவின் பிறந்த ஆண்டு. ஒப்பாரிப் புத்தகத்தின் பின்னட்டையில் ஓர் ஆண்டும் மற்ற புத்தகங்களில் இரண்டாண்டு முந்தியும் இருக்கிறது. பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொன்ன தலைமுறை அது, அவரிடமே கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்வார். அவர் சொல்வதும் அச்சில் இருப்பதும் வேறுபட்டால் அச்சில் உள்ள இரண்டையும் குறித்துவிடுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் விவரம் போடுங்கள். நீங்கள் அவர் மாணவர் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு மற்றவர் கண்டுபிடித்தால் நல்ல சான்றும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வார்ப்புருவை நீங்களாக எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று வரலாற்றுப் பக்கத்தில் தெரிகிறது.

அன்புடன்,
உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்த ஒரு தொகுப்பாளன்