குழந்தை சிரிப்பை மறந்தால்…

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை, முகம் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டதா? நின்ற தலை மறுபடி துவள்கிறதா? விரல் கணுக்கள் கறுத்து, கை நடுங்குகிறதா? திருப்புலிவனத்துத் தாய்மார்களே, திருஷ்டி கழித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றே உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

இவை வைட்டமின் பி12 குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். தாய்க்கு பி12 குறைந்தால் பாலிலும் குறையும். பிள்ளையின் மூளையும் நரம்பும் வாடும். 1962-லேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். ஊசி போட்டால் சில நாட்களிலேயே முகம் தெளியத் தொடங்கும். தாமதித்தால் வளர்ச்சி பின்தங்கக்கூடும்.

கீரையில் பி12 கிடையாது. கர்ப்பத்திலிருந்தே முட்டை, மீன், பால், தயிர் சாப்பிடுங்கள். சுத்த சைவமென்றால் மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்குங்கள். தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.