ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவது ஏன்?

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காலையில் எழுந்து பார்த்தால், ஜன்னல் கண்ணாடிகள் வியர்த்து நீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருக்கும். "வெளிப்பனி இடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டது" என்றே மலைக் கிராமங்களில் பலரும் நம்மிடம் கூறுகின்றனர். அவ்வாறு எண்ணி, இடுக்குகளில் துணியையும் காகிதத்தையும் திணித்து அடைக்கின்றனர். அடைக்க அடைக்க நீர் மிகுகின்றதேயன்றிக் குறைவதில்லை. அந்நீர் வெளியிலிருந்து வந்ததன்று; வீட்டிற்குள்ளேயே பிறந்தது. ஐயமுள்ளவர்கள் விரலால் துடைத்துப் பார்க்கலாம். ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் இருந்தால் அது வீட்டு ஆவி. வெளிப்புறத்தில் இருந்தால் வெறும் பனித்துளி, அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

சோறு கொதிக்கும்போது மூடியை எடுத்தால் அதன் அடியிலிருந்து நீர் சொட்டுகிறதல்லவா? கண்ணாடியில் நிகழ்வதும் அதுவே. சூடான காற்று மிகுந்த ஆவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் சுமார் 7 கிராமே தாங்கும். மிஞ்சியது எங்கேனும் படிந்தாக வேண்டும். இரவில் வீட்டில் முதலில் குளிர்வது மெல்லிய கண்ணாடியாகையால் அதில் படிகிறது.

இவ்வளவு ஆவி எங்கிருந்து வருகிறது? நால்வர் உறங்கும் அறையில், மூச்சாலும் உடல் வியர்வையாலும் மட்டுமே ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ நீராவி உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். திறந்த பானையில் கொதிக்கும் நீரும், அறைக்குள் கயிறு கட்டி உலர்த்தும் துணிகளும் இதனுடன் சேருகின்றன. வழிந்த நீரில் மரச்சட்டம் ஊறி இற்றுப்போகும். சுவர் மூலைகளில் பூசணம் பிடிக்கும். இழுப்பு நோயுள்ள குழந்தைகளுக்குப் பூசணம் பெருந்தீங்கு.

"ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து ஈரம் கூடாதா?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 8 டிகிரிக் குளிரில் உள்ள காற்று, பனிமூட்டமாகத் தோன்றினாலும், சுமார் 8 கிராம் ஆவியையே கொண்டிருக்கிறது. காணும் மூடுபனித் துளிகள் அதற்குமேல் மிகச் சிறிதளவே. அது உள்ளே வந்து சூடேறினால் உலர்ந்த காற்றாகி, வீட்டின் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். ஆகவே காலையில் எதிரெதிர் ஜன்னல்களைக் கால் மணி நேரம் திறந்து வைத்தல் நலம். கண்ணாடியைத் துணியால் துடைத்து, அத்துணியை வெளியே பிழிந்து உலர்த்த வேண்டும். அடுப்பருகே உலர்த்தினால் அந்நீர் மீண்டும் கண்ணாடிக்கே வந்து சேரும். பானைகளை மூடிச் சமைப்பதும், சமைக்கும்போது அறைக்கதவைச் சாத்தி, சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பதும் செலவில்லாத வழிகள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் அதன் பின்புறம் பூசணம் பிடிப்பது குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளிருக்காக அடைத்த அறையில் கரிக் கணப்பு வைத்து உறங்கியவர்கள் உறக்கத்திலேயே உயிர் நீத்த செய்திகள் மலைப்பகுதிகளிலிருந்து வந்திருக்கின்றன. கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மரக்கரி நீராவியை மிகக் குறைவாகவே வெளியிடுவதால், கண்ணாடி உலர்ந்திருப்பதைக் கண்டு அறை பத்திரமானது என்று நம்பிவிடலாகாது. உறங்கும் அறையில் கணப்பு வைக்கவே கூடாது. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதும் இதற்குப் போதிய காப்பாகாது.

புதிய வீடுகளுக்கு அஸ்திவாரம் போடும்போதே ஊராட்சியினர் கவனிக்க வேண்டியது, சமையலறையில் கூரையை ஒட்டிய காற்றுப்போக்கியும் புகைபோக்கியும் வரைபடத்தில் உள்ளனவா என்பது. கட்டி முடித்த சுவரைப் பின்னர் உடைத்துத் துளையிடுவது செலவு மிகுந்த வேலை. காற்றுப்போக்கி இருந்தும் சிலர் குளிருக்கஞ்சி அதைச் செங்கல்லால் அடைத்துவிடுவதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். அவ்வாறு அடைத்தவர்கள் அதை இந்தப் பனிக்காலத்திற்கு முன்பே திறந்துவிடுவார்களாக.