நாற்பதாம் நாள் திருநாள்

கேள்வி: ஈஸ்டருக்குப் பின் வரும் விண்ணேற்பு விழா ஏன் முக்கியமானது?

பதில்: உயிர்த்தெழுந்த இயேசு 40 நாட்கள் சீடர்களுக்குக் காட்சி தந்து, பின் விண்ணேறினார் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் வியாழக்கிழமை. வேலை நாளில் வருவதால்தான் இவ்விழா பலரின் கவனத்துக்கு வராமல் போகிறது. இந்தியா உட்படப் பல நாடுகளில் கத்தோலிக்கர்கள் இதை அடுத்த ஞாயிறன்று கொண்டாடுகிறார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இந்தோனேசியாவில் அந்த வியாழன் அரசு விடுமுறை.

இயேசுவின் மண்ணுலகப் பணி நிறைவடைந்து, சீடர்களின் பணி தொடங்குவது இந்த நாளில்தான். உலகின் கடை எல்லைவரை சாட்சிகளாக இருங்கள் என்ற கட்டளை அப்போதுதான் கிடைத்தது. அடுத்து, தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாள் வரை அவர்கள் ஒருமனமாகச் செபித்துக் காத்திருந்தார்கள். ஒன்பது நாள் செபிக்கும் இன்றைய நவநாள் வழக்கத்துக்கு அதுவே முன்மாதிரி.

இயேசு விண்ணேறிய இடமாகக் கருதப்படும் எருசலேமின் ஒலிவ மலையில் எண்கோண வடிவில் ஒரு சிற்றாலயம் உள்ளது. அதன் தரையில், சட்டமிட்ட பாறையில் ஒரு பள்ளம். இயேசுவின் வலது பாதச் சுவடு என்பது மரபு. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தான் சலாவுதீன் எருசலேமைக் கைப்பற்றியபின் அந்த இடம் முஸ்லிம்கள் வசமானது. ஆனாலும் விண்ணேற்பு விழாவன்று கிறிஸ்தவர்கள் அங்கேயே வழிபடுகிறார்கள்.